எட்டாவது பதில்

ஏழு பேரைக் கூப்பிட்டால் ஏழு பதில்தான் வர வேண்டும். எட்டு வந்திருந்தது.

தேவநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப் திரையை இன்னும் நெருங்கிப் பார்த்தான். மேசைமேல் மல்லாந்து கிடந்த பழைய டச் போனிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்கு ஓடியது. போன் தன் வயிற்றுக்குள் நடப்பதையெல்லாம் அந்த ஒயர் வழியே வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. திரை, தொடுகை, ஒளி, அசைவு, மைக், ஸ்பீக்கர், காதில் வைத்ததும் திரையை அணைக்கச் சொல்லும் அண்மை, ஆக மொத்தம் ஏழு பேரும் ஆளுக்கொரு ‘இருக்கேன்’ சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குக் கீழே இன்னொரு ‘இருக்கேன்’. அதன் பக்கத்தில் பெயர் இல்லை.

மத்தியானம் மூன்று மணிதான் ஆகியிருந்தது. ஆனால் வீட்டுக்குள் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. ‘தானே’ புயல் ஜன்னல் கண்ணாடியை அள்ளிக்கொண்டு போனபின் அவன் ஆணியடித்து மாட்டிய நீலத் தார்ப்பாய் வழியே வடிந்து வந்த வெளிச்சம், சுவர், மேசை, அவன் கை எல்லாவற்றையும் தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி ஆக்கியிருந்தது. கடலூர் முதுநகரில் பெரிய தெருக்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது. இந்தச் சந்துக்குப் பதினாலு நாளாகியும் கம்பமே நடவில்லை. வெளியே, கேட்டிலிருந்து பத்தடி தூரத்தில், புயலில் விழுந்த வேப்பமரம். கிளைகளை அறுத்து எடுத்துப்போன முனிசிபாலிட்டி ஆட்கள் அடிமரத்தை மட்டும் ‘பெரிய மிஷின் வரணும் சார்’ என்று விட்டுப் போயிருந்தார்கள். அதன் பச்சை வாடை, நசுங்கிய இலையும் ஈரமும் கசப்புமாக, சாத்திய கதவைத் தாண்டி உள்ளே வந்துகொண்டே இருந்தது. அந்த வாடையில் அவனுக்கு ரெண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

ஆறு மணிக்கு ரேகா வந்துவிடுவாள். ஆறு மாத வயிற்றோடு, புயலுக்கு முன்னாலேயே காடாம்புலியூரில் அம்மா வீட்டுக்குப் போனவள், அங்கே முந்திரித்தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்க, ரோடு திறந்து பஸ் ஓட ஆரம்பித்த பிறகுதான் கிளம்புகிறாள். நாளைக்குப் போகி. அவள் வருவதற்குள் இந்தப் போன் வேலையை முடித்து, திங்கட்கிழமை பெங்களூர் கம்பெனியில் காட்டுவதற்குத் தயாராக எடுத்து வைத்துவிட வேண்டும். அவள் முன்னால் இந்தப் போனைத் தொட அவனுக்கு மனசில்லை. தொட்டால் அவள் சிநேகிதன் நாசரைப் பற்றிக் கேட்பாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

போனை அணைத்து மறுபடி போட்டான்.

அதில் ஓடுவது கம்பெனி கொடுத்த சிஸ்டம் இல்லை. அதைத் துடைத்தெறிந்துவிட்டு, அவனும் நாசரும் சிதம்பரம் மேல வீதியில், பாத்திரக்கடை மாடியில் ஒரு ரூம் எடுத்து, ரெண்டு வருஷம் கண் எரிய எரிய எழுதிய மைக்ரோகெர்னல். பேர்தான் பெரிசு, விஷயம் சுலபம். மற்ற சிஸ்டங்கள் கூட்டுக்குடும்பம் மாதிரி, ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால் வீடே படுக்கும். இதில் நடுவே, யார் எதைத் தொடலாம் என்று அனுமதி கொடுக்கும் ஒரு சின்னக் கெர்னல் மட்டும். போனின் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துக்கொள்ளும் டிரைவர் தனித்தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தன் வேலையைத் தான் பார்க்கும். ஒன்று செத்தால் இன்னொன்று சாகாது. செத்தது எது என்று பார்க்கத்தான் நாசர் ஒரு காவல்காரனை எழுதி வைத்தான். அவன் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். பதில் வந்தால் சரி. மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், அதைக் கொன்றுவிட்டு, அதே பெயரில், அதே இடத்தில், புதிதாக ஒன்றை எழுப்பி உட்கார வைப்பான். போனைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பழசு போனதும் தெரியாது, புதுசு வந்ததும் தெரியாது.

அந்த மூன்று என்கிற கணக்கு தேவநாதன் வீட்டுக் கணக்கு. புவனகிரியில் அவன் அம்மா கொளஞ்சியம்மாள் அவனைப் பெற்ற நாளிலிருந்து சொல்லி வளர்த்தது. “இருட்டுல வெளியேருந்து யாராச்சும் பேரு சொல்லிக் கூப்புட்டா ஒடனே ஏன்னு கேக்காதடா. பேயா இருந்தா ரெண்டு தடவதான் கூப்புடும். மூணாவது தடவ கூப்புட்டாதான் மனுசன்.” எம்.ஈ. படித்தான், நாலு பேருக்குப் பாடம் எடுத்தான், ஆனாலும் தொட்டில் பழக்கம் லேசில் போகுமா? பகலிலேயே யாராவது கூப்பிட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும், மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் திறக்கும். ரேகா சலித்துக்கொள்வாள், “ஒங்களக் கூப்புட்டு கூப்புட்டே என் தொண்டத் தண்ணி வத்திப் போவுது” என்று. நாசரோ சிதம்பரம் ரூமுக்குக் கீழே பஜாரே திரும்பிப் பார்க்கும்படி நின்று மூன்று முறை கத்துவான். காவல்காரனை எழுதுகிற அன்றைக்கும் விடவில்லை.

“எத்தன தடவ கூப்புடலாம் மச்சான்?”

“நீயே வையி.”

“ஒங்கம்மா கணக்கே இருக்கட்டும். மூணு. அதுக்கு மேலயும் ஏன்னு கேக்கலன்னா செத்துட்டான்னு அர்த்தம்.” சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தான். காவல்காரன் கேட்பதற்கு ‘இருக்கியா?’ என்றும், டிரைவர் சொல்வதற்கு ‘இருக்கேன்’ என்றும் வைத்தது அவன்தான். ஆங்கில எழுத்தில் ஓடும் தமிழ். பெங்களூர்க்காரர்கள் அதைக் கண்டு முழிப்பதை நினைத்தே ஒரு வாரம் சிரித்தான்.

போன் எழுந்தது. திரை, இருக்கேன். தொடுகை, இருக்கேன். ஒவ்வொன்றாக வந்தன. ஏழு. ஏழோடு நின்றது. தேவநாதன் மூச்சை விட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். நனைந்த போன், ஏதோ பழைய செய்தி ஒன்று நினைவகத்தில் தங்கிப்போய் மறுபடி ஓடியிருக்கும். அடுத்த நிமிஷமும் ஏழு.

மூன்றாவது நிமிஷம் எட்டு.

இந்தத் தடவை அது கீழே இல்லை, எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. காவல்காரன் முதல் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அது ‘இருக்கேன்’ என்றிருந்தது.

போன் நனைந்ததா? இல்லையே. நனையவில்லை என்றுதானே சொன்னார்கள். ஒரு சொட்டுகூடப் போகவில்லை என்று, பாலிதீன் கவரோடு அதை அவன் கையில் கொடுத்தவர் நாசரின் மாமனார் அப்துல் ஹக். “சட்டைக்குள்ள வச்சிருந்தாப்ல தம்பி. மரம் முதுகுலதான் வுழுந்துச்சி. போன நெஞ்சோட அணைச்சிகிட்டே கெடந்தாப்ல” என்றார். கணவன் போனபின் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருந்த நாசரின் மனைவி ஃபஹீமா, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். திரைச்சீலைக்குக் கீழே அவள் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. குரல் அழுது அழுது தேய்ந்திருந்தது.

“அண்ணே, எங்க ஊட்டு ஓடு பூராப் பறந்துடுச்சி. என்னையப் பக்கத்து மாடி ஊட்டுல வுட்டுட்டு, போன தேவா ஊட்டுல பத்திரமா வச்சிட்டு வந்துர்றேன்னுட்டுப் போனாங்க. ஒங்க ஊட்டாண்ட வந்தாங்களாண்ணே? கூப்புட்டாங்களா?”

தேவநாதன் அந்தக் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லம்மா. கூப்புடல. காத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல.”

“அப்ப வர்ற வழியிலயே… கஷ்டப்படாம ஒடனே மவுத்தாயிருப்பாங்க. இல்லண்ணே?”

“ஆமாம்மா. ஒடனே.”

அதை நம்பி அவள் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று முணுமுணுத்தாள். அவன் சொன்னது பொய்.

ஏனென்றால் அவனுக்குக் கேட்டது. விடியற்காலை அஞ்சு மணி இருக்கும். காற்று ரயில் மாதிரி வீட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே, கேட்டுப் பக்கமிருந்து, ‘தேவா’. அவன் எழுந்து ஓடிவந்து தாழ்ப்பாளில் கையை வைத்தான். மறுபடியும் ‘தேவா’. குரல் யாருடையது என்று தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் அந்தக் கும்மிருட்டில், அந்தப் பேய்க்காற்றில், எந்த மனுஷன் வெளியே வருவான்? மூன்றாவது தடவை கூப்பிடட்டும் என்று நின்றான். படித்த முட்டாள், தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றான். மரம் விழுந்த சத்தத்தில் தரை அதிர்ந்தது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. அப்படியானால் அது மனுஷன் இல்லைதானே என்று போய்ப் படுத்துக்கொண்டான். விடிந்தபிறகு தெருவே கூடிக் கத்தியபோதுதான் கதவைத் திறந்தான்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ரேகாவிடம்கூட.

லேப்டாப்பில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெயரில்லாத அந்தப் பதிலை எழுதியது யார் என்று தேடினான். கெர்னலில் இல்லை. காவல்காரனின் பட்டியலில் இல்லை. இந்தச் சிஸ்டத்தில் ஒரு ஈ நுழைய வேண்டுமானாலும் கெர்னலிடம் அனுமதி வாங்கித்தான் நுழைய முடியும். அனுமதி கேட்ட தடமே இல்லை. அதுபாட்டுக்கு உள்ளே இருந்தது. தெற்குத் தெருவில் யாரோ மரம் அறுக்கும் மிஷின் ஓட்டுவது கொசு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. நாலே முக்காலுக்கு அதுவும் நின்றது. அதன் பிறகு வீட்டுக்குள் தார்ப்பாய் உப்பி அடங்கும் சத்தம் மட்டும்தான்.

அசைவு டிரைவர் ஏதோ சொன்னது.

மேசை அதிர்ந்திருக்கிறது. கொஞ்சமாக. அவன் மேசையைத் தொடவில்லை. கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். மறுபடியும் ஒரு அதிர்வு. ரெண்டு வினாடி விட்டு இன்னொன்று. ரெண்டு வினாடி விட்டு இன்னொன்று, முன்னதைவிடக் கொஞ்சம் பலமாக. கூடத்தில் யாராவது நடந்து வந்தால் இந்த மேசை இப்படித்தான் ஆடும். ஆட்டத்தைச் சரிபண்ண ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்ததே நாசர்தான்.

திரும்பிக் கூடத்தைப் பார்த்தான். நீல வெளிச்சம். டிவி ஸ்டாண்டு. ரேகாவின் செருப்பு. ஒருவரும் இல்லை.

அதிர்வுகள் நின்றன. ஒளி டிரைவர் அதுவரை நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தொன்று என்று ஒரே எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது பன்னிரண்டு என்றது.

மேகம் மூடியிருக்கும். ஜன்னலைப் பார்த்தான். தார்ப்பாய் அப்படியேதான் வெளிச்சமாக இருந்தது. தன் உள்ளங்கையைப் போனுக்கு மேலே விரித்துப் பிடித்தான். மூன்று. கையை எடுத்தான். பன்னிரண்டு. போனுக்கும் ஜன்னலுக்கும் நடுவே எதுவும் இல்லை. ஆனால் போனின்மேல் எதுவோ நிழல் கட்டியிருந்தது. குனிந்து பார்க்கிற ஒரு ஆளின் அளவுக்கு.

அண்மை டிரைவர், ‘இருக்கேன்’ என்பதைத் தவிர இதுவரை வாயே திறக்காதது, ஒரு சொல் சொன்னது.

அருகில்.

அவன் முதுகு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. வேப்பிலை வாடை. வெளியிலிருந்து இல்லை. மேசைக்கு எதிரிலிருந்து வந்தது. கூடவே நனைந்த சட்டையின் வாடையும், நாசர் போடும் அத்தரின் மிச்சமும்.

“நாசரு,” என்று சொல்லப் பார்த்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

லேப்டாப் இருண்டது. தெருமுனை மாவு மில் ஜெனரேட்டரில் ஏற்றிய சார்ஜ் அவ்வளவுதான். அதனுள் இருந்த சின்னக் காற்றாடி சுற்றி நின்றது. இனி மேசைமேல் ஒரு சின்னச் சதுர வெளிச்சம், போனின் திரை. லேப்டாப் இல்லாவிட்டால் வரிகள் போனிலேயே ஓடும்படி வைத்ததும் நாசரின் வேலை. பொடி எழுத்தில் ஏழு பெயர்கள் ஏறி வந்தன. ஏழும் இருக்கேன் என்றன. பெயரில்லாதது பதில் சொல்லவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு பெயர் இருந்தது.

தேவா. இருக்கியா?

அவன் படித்தான். திரும்பவும் படித்தான். ஸ்பீக்கர் கரகரத்தது.

அந்த ஸ்பீக்கர் டிரைவர் இன்னும் முடிக்காதது. பேசத் தெரியாது, கரகரப்பு மட்டும்தான் வரும். மைக் டிரைவர் அப்படியில்லை, முழுசாக வேலை செய்யும். கேட்பதையெல்லாம் போனின் நினைவகத்தில் சேர்த்து வைக்கும்படி, புயலுக்கு ரெண்டு நாள் முன்னால்தான் நாசர் அதை எழுதி முடித்துச் சோதித்துக்கொண்டிருந்தான். ரெண்டு டிரைவரும் தனித்தனி அறை. ஒன்று வைத்திருப்பதை மற்றது எடுக்க வழியே இல்லை. ஆனால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

முதலில் காற்று. துணிக்குள்ளிருந்து கேட்கும் காற்று. பாலிதீன் சலசலப்பு. மிக அருகில், தட் தட் தட் என்று ஒரு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு அந்தக் குரல்.

“தேவா!”

தேவநாதன் வாயைப் பொத்திக்கொண்டான். தானாகவே கை போய்ப் பொத்தியது.

ஒரு நிமிஷம் காற்று மட்டும். திரையில் வரி ஏறியது.

தேவா. இருக்கியா? இரண்டு.

“தேவா! மச்சான்!”

அன்றைக்குக் கேட்டது இவ்வளவுதான். இந்த ரெண்டுதான். இனி மரம் விழும், அதோடு முடிந்துவிடும். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மரம் விழுந்தது. போனுக்குள் விழுந்த அது மேசையை ஒரு சாண் நகர்த்தியது. பிறகு இலைகள் மேல் மழை. மழை. மழை.

முடியவில்லை.

மழைக்கு அடியில் யாரோ மூச்சு விட்டார்கள். மெல்ல. குழாயில் தண்ணீர் நின்றபின் வரும் காற்று மாதிரி, விட்டு விட்டு. நெஞ்சு அடிப்பது இன்னும் கேட்டது. ஒரு முனகல். மண்ணை விரல்கள் பிறாண்டும் சத்தம். மறுபடி மூச்சு. தேவநாதன் காதைப் பொத்தினான். பொத்திய கைக்குள்ளும் கேட்டது.

“தேவா…”

மூன்றாவது.

கூப்பிட்டிருக்கிறான். மூன்றாவது தடவையும் கூப்பிட்டிருக்கிறான். மரத்துக்கு அடியில் கிடந்து, நெஞ்சு நசுங்கி, கேட்டிலிருந்து பத்தடியில். ஐயோ! தாழ்ப்பாளை விட்டுவிட்டுப் படுக்கைக்குப் போனது எவ்வளவு நேரத்துக்கு முன்னால்? போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டானே, அப்போதா? ஒடனே போயிருப்பாங்க இல்லண்ணே என்றாள். ஆமாம்மா என்றான்.

திரையில் வரி.

தேவா. இருக்கியா? மூன்று.

பதில் சொல்ல வேண்டும். இப்போதாவது. அவனுக்குத் தெரியும், மூன்றாவதுக்கும் சொல்லாவிட்டால் காவல்காரன் என்ன செய்வான் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? இருக்கேன்டா என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தான். நாக்கில் மண் கரகரத்தது. எதிரே நிழல் குனிந்தே இருந்தது. காத்திருந்தது. அவன் வாய் மூடிக்கொண்டது. பழக்கம்.

பதில் இல்லை.

நிறுத்தப்படுகிறது.

நீல வெளிச்சம் போனது. நாற்காலி போனது. முகத்தில் ஈர இலை ஒட்டியது.

முதுகில் ஏதோ ஏறி உட்கார்ந்தது. கனம். கன்னம் சேற்றில் அழுந்திக் கிடந்தது. தலைக்கு மேலே காற்று ரயில் மாதிரி ஓடியது, மழை ஊசி ஊசியாக இறங்கியது. கை, கால் எதுவும் அவனுடையதாக இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறக்க முடிந்தது. இலைகளுக்கு நடுவே, பத்தடி தூரத்தில், அவன் வீட்டுக் கேட்டு தெரிந்தது. கதவு. ஜன்னலில் நீலத் தார்ப்பாய். அதற்குப் பின்னால் ஒரு சின்னச் சதுர வெளிச்சம்.

உள்ளே ஒரு குரல், அவனுடைய குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது. “இருக்கேன்.”

ஆட்டோ ஒன்று சந்து முனையில் நின்றது. ரேகா இறங்கினாள். ஒரு கையில் பை, ஒரு கை இடுப்பில். அடிமரத்தை ஒட்டி, சேறு படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவனைத் தாண்டி நடந்தாள். இவ்வளவு காற்று. அவள் முந்தானை அசையவில்லை. தலையில் வைத்த கனகாம்பரத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கேட்டைத் திறந்து நின்று கூப்பிட்டாள்.

“என்னங்க!”

ஒரே தடவைதான். கதவு உடனே திறந்தது.

“வா வா. பைய இப்புடிக் குடு.”

“அட, என்னா அதிசயம்! இன்னைக்கி மழதான் வரப்போவுது. ஒரே கூப்பாட்டுக்கு வந்துட்டீங்க?”

அவன் சட்டை, அவன் லுங்கி, அவன் தோள். அது பையை வாங்கிக்கொண்டது. இன்னொரு கையை அவள் வயிற்றின்மேல் வைத்தது. ரேகா சிரித்தாள்.

அவன் மூச்சைத் திரட்டினான். முதுகில் கிடந்தது இறுக்கியது.

“ரேகா!”

காற்று அதை அள்ளிக்கொண்டு போனது. ஆனாலும் வாசற்படியில் அவள் கால் நின்றது.

“ரேகா…!”

அவள் திரும்பினாள். விழுந்து கிடக்கும் மரத்தைப் பார்த்தாள். அவன் கண்ணையே பார்த்தாள், அதற்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தாள்.

“யாரோ என் பேரச் சொல்லிக் கூப்புட்ட மாதிரி இருந்துச்சிங்க.”

“எனக்கும் கேட்டுச்சி.” அது அவளை மெல்ல உள்ளே நகர்த்தியது. “ரெண்டு தடவதான? மூணாவது தடவ கூப்புடட்டும், பாப்போம்.”

கதவு சாத்திக்கொண்டது. அவன் வாயைத் திறந்தான். உள்ளே மண் இறங்கியது. துப்பினான். மூச்சு இழுத்தான். பாதி வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும், ஒரு பேருக்கு எவ்வளவு மூச்சு வேண்டும். இழுத்தான். கதவுக்குப் பின்னால் ஒரு கை தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பது, இரும்பு லேசாக ஆடுகிற சத்தத்தில், அவனுக்கு நன்றாகக் கேட்டது.